வந்தாள், வந்தார்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தவள் நான். பேசும் உரிமை எனக்கு இல்லை. குறிப்பெடுக்க வரச் சொன்னார்கள், வந்தேன். மொழித் துறைகள் இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டிய அந்தக் கூட்டத்தில், டீ வருவதற்குள் இரண்டு கதைகள் போய்விட்டன. ஆங்கிலத் தாளில் பல வருஷமாக இருந்த காதரின் மேன்ஸ்ஃபீல்டின் 'பொம்மை வீடு' முதலில் போனது. "நூறு வருஷத்துக்கு முந்தின நியூசிலாந்துக் கதை, நம்ம பசங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். அடுத்தது தமிழ்த் தாளுக்குப் பரிந்துரைத்திருந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. "சாதிப் பேரெல்லாம் வருது. எவனாவது போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டான்னா யாரு பதில் சொல்றது?"

ஒன்று ரொம்பத் தூரம், இன்னொன்று ரொம்பக் கிட்டே. காலியான இடத்தில் நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு பாடம் வந்தது. 'ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது' என்று நானே என் கையால் எழுதினேன். அந்த வார்த்தைதான் உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

'பொம்மை வீடு' கதையைப் படித்து நாளாகியிருக்கும், கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். பர்னல் வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்கும் விளையாட ஒரு பெரிய பொம்மை வீடு வருகிறது. பெயிண்ட் வாடை தாங்காமல் அதை முற்றத்திலேயே வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துத் தோழிகளை இரண்டிரண்டு பேராகக் கூட்டிவந்து காட்டலாம். ஆனால் வந்தவர்கள் முற்றத்தோடு நின்று பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும், டீக்கு உட்காரக் கூடாது. சுற்றுவட்டாரத்துக்கு அந்த ஒரு பள்ளிக்கூடம்தான். அதனால் நீதிபதி வீட்டுப் பிள்ளை, டாக்டர் வீட்டுப் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை, பால்காரர் பிள்ளை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ். எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும் இல்லையா? கெல்வி சகோதரிகளின் காலடியில் அந்தக் கோடு விழுகிறது. லில், எல்ஸ். வீடு வீடாகப் போய்த் துணி வெளுக்கும் ஒருத்தியின் பெண்கள். அப்பா ஜெயிலில் இருப்பதாக ஊரில் பேச்சு. நாளாக நாளாக வகுப்பில் எல்லாரும் பொம்மை வீட்டைப் பார்த்தாகிவிட்டது, இவர்கள் இரண்டு பேரைத் தவிர.

கைடுகளில் இதற்கு 'வர்க்க வேறுபாடு' என்று ஒரே வரியில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மேன்ஸ்ஃபீல்ட் வர்க்கம் என்று ஒரு பேச்சும் பேசுவதில்லை. துணியைக் காட்டுகிறார். லில் போட்டிருக்கும் கவுன் பர்னல் வீட்டு மேஜை விரிப்பில் வெட்டியது. அதன் கைகள் மட்டும் சிவப்பு; அவை லோகன் வீட்டுத் திரைச்சீலை. தலையில் ஒரு பெரிய மனுஷித் தொப்பி, போஸ்ட் ஆபீஸை நடத்தும் அம்மாளுடையது, பெரிய சிவப்பு இறகு ஒன்று குத்தியது. சின்னவள் எல்ஸ், ராத்திரி உடுப்பு மாதிரி தொளதொளத்த ஒரு வெள்ளைச் சட்டையிலும் பையன் போடும் பூட்ஸிலும் வருகிறாள். இப்போது யோசித்துப் பாருங்கள். அதே வகுப்பில் பர்னல் பெண்களும் இருக்கிறார்கள், லோகன் பெண்ணும் இருக்கிறாள். தங்கள் வீட்டு மேஜை விரிப்பும் திரைச்சீலையும் எதிரே நடந்து போவதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். யார் எதைப் போட்டு மானத்தை மறைக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரிந்திருக்கிற இந்த நிலைமை நியூசிலாந்துக்கு மட்டும் சொந்தமா?

சாப்பாட்டு நேரம் இன்னொரு இடம். மற்ற பிள்ளைகள் பைன் மரத்தடியில் கறி வைத்த ரொட்டியைத் தின்ன, கெல்வி பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து செய்தித்தாளில் சுற்றிய ஜாம் ரொட்டியைத் தின்கிறார்கள். ஜாம் தாளில் ஊறிச் சிவப்பாகத் தெரிகிறது. சத்துணவுத் தட்டோடு ஒரு பக்கமும் டிபன் பாக்ஸோடு ஒரு பக்கமும் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தப் பத்தியை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தை வாசிக்கும்போது வகுப்பில் இருமல் சத்தம்கூட நின்றுவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பாடம் நடத்தும் முன் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன். கரும்பலகையில் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள்: நீதிபதி வருவது, போஸ்ட் ஆபீஸ் அம்மாள் வருவது, துணி வெளுக்கும் பெண் வருவது. தமிழில் எழுதுங்கள் என்றேன். ஆங்கிலத்தில் வினைச்சொல் மூன்றிலும் ஒன்றேதான், ஒரு எழுத்துக்கூட மாறாது. விடைகளை வாங்கிப் பார்த்தேன். 'நீதிபதி வந்தார்.' 'போஸ்ட்மாஸ்டர் அம்மா வந்தார்.' 'வண்ணாத்தி வந்தாள்.' அநேகமாக எல்லாத் தாள்களிலும் இப்படித்தான்.

ஏன் மூன்றாவதற்கு மட்டும் 'வந்தாள்' என்று கேட்டேன். முதல் பெஞ்சுப் பையன், மரியாதையான பையன், யோசித்துச் சொன்னான்: "மிஸ், வந்தார்னு போட்டுப் பார்த்தேன். காதுக்கு ஒத்துவரல." பொய் சொல்லவில்லை அவன். அவனுக்கு அது இலக்கணமாகவே பட்டிருக்கிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் பால் ஒத்துவர வேண்டும், எண் ஒத்துவர வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். மூன்றாவதாக ஒன்றும் ஒத்துவர வேண்டும் என்று நாம் சொல்லாமலே அவன் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான்.

ஒரு தாளில் மூன்று என்று எண் போட்டிருந்தது, எதிரே ஒன்றும் எழுதியில்லை. மற்ற இரண்டும் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. யார் தாள் என்று எனக்குத் தெரியும். ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்காதது சரியா தப்பா என்று இன்று வரை தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேலே கதைச் சுருக்கத்தில் 'துணி வெளுக்கும் ஒருத்தியின் பெண்கள்' என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். டாக்டரையும் கடைக்காரரையும் 'ஒருவன்' என்று எழுதவில்லை. திரும்பப் படிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கதைக்கு வருகிறேன். கெல்வி பெண்களைச் சீண்டுவது ஒரு விளையாட்டாகிறது. "பெரியவளானதும் வேலைக்காரியாத்தானே போவே?" என்று லீனா லோகன் கேட்கிறாள். லில் வழக்கம்போல அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறாள். அது போதவில்லை என்று லீனா, உன் அப்பன் ஜெயிலில் இருக்கிறான் என்று சீறுகிறாள். சொல்லி முடித்ததும் மற்ற பெண்களுக்குத் தாங்க முடியாத உற்சாகம். கயிறு தாண்டுகிறார்கள், அன்றைக்குத் தாண்டியதுபோல அவ்வளவு உயரம் என்றைக்கும் தாண்டியதில்லை என்கிறார் மேன்ஸ்ஃபீல்ட். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் இந்தக் கதையை விடமாட்டேன். அடுத்தவரை மட்டம் தட்டினால் உடம்பு லேசாகிறது. கதையின் கடைசியிலும் அதே கணக்கு. பர்னல் வீட்டு மூன்றாவது பெண் கெஸியா யாருக்கும் தெரியாமல் கெல்வி பெண்களை உள்ளே விட்டுப் பொம்மை வீட்டைக் காட்டுகிறாள். சித்தி பெரில் பார்த்துவிட்டுக் கோழிக்குஞ்சுகளை விரட்டுவதுபோல விரட்டுகிறாள். அந்தச் சித்திக்கு அன்று ஒரு ஆள் மிரட்டிக் கடிதம் எழுதியிருக்கிறான், பயத்தில் இருந்தாள். குழந்தைகளை விரட்டி முடித்ததும் நெஞ்சுப் பாரம் குறைகிறது. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போகிறாள்.

அந்தப் பாட்டைப் பற்றி எந்தக் கேள்வித்தாளிலும் ஒரு கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. 'விளக்கு எதன் குறியீடு?' என்று மட்டும் வருஷம் தவறாமல் வரும். பொம்மை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு குட்டி விளக்கு இருக்கிறது. கெஸியாவுக்கு அதன்மேல்தான் ஆசை. மூத்தவள் இசபெல் பள்ளிக்கூடத்தில் கம்பளத்தையும் கட்டிலையும் அளக்கும்போது விளக்கை விட்டுவிடுகிறாள். கெஸியா நினைவுபடுத்தியும் யாரும் கண்டுகொள்வதில்லை. துரத்தப்பட்ட கெல்வி பெண்கள் ரோட்டோரத்தில் கிடக்கும் ஒரு பெரிய சிவப்புக் குழாயின்மேல் உட்காருகிறார்கள். கதை முழுக்க வாயே திறக்காத எல்ஸ் அக்காவின் தொப்பி இறகை விரலால் தடவி, மெல்லச் சிரித்து, "அந்தச் சின்ன வெளக்கப் பாத்துட்டேன்" என்கிறாள். 'விளக்கு நம்பிக்கையின் குறியீடு' என்று பிள்ளைகள் எழுதுவார்கள், நாமும் ஐந்துக்கு நாலரை போடுவோம். எனக்கு அது நம்பிக்கையாகத் தெரியவில்லை. இனி அந்த முற்றத்தில் அவளை யாரும் விடப்போவதில்லை. பார்த்ததைப் பிடுங்கிக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. எல்ஸ் சொல்லும் அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் இலக்கணப் பிழையோடு இருக்கும். 'ஐ சீன்' என்கிறாள், 'ஐ ஹேவ் சீன்' என்று சொல்லத் தெரியாது. பிள்ளைகள் கையில் வைத்திருந்த ஒரு கைடில் அதைத் திருத்தி அச்சடித்திருந்தார்கள்! துணி வெளுப்பவர் மகள் படித்தவர் வீட்டுப் பிள்ளை மாதிரிப் பேசிவிட்டாள். தமிழில் 'நான் அச்சிறு விளக்கைக் கண்டேன்' என்று எழுதினால் எப்படியோ அப்படி.

கதையில் வரும் டீச்சரைப் பற்றி நாம் யாரும் பேசுவதே இல்லை. ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். லில் ஒரு பூங்கொத்தோடு மேஜைக்கு வந்தால், அவளிடம் பேச ஒரு தனிக் குரல், மற்ற பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்க ஒரு தனிச் சிரிப்பு. எத்தனையோ வருஷம் இந்த வரியை நான் சத்தமாக வாசித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருக்கிறேன். ஒருநாள், இதே பாடத்தின் நடுவில், ஆபீஸிலிருந்து ஒரு லிஸ்ட் வந்தது. வாசித்தேன்: "ஸ்காலர்ஷிப் ஃபார்ம் தராத எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திருங்க." குரலைக் கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் அலுப்போடு. எழுந்து நின்றவர்களில் ஒருத்தியின் கையில் புத்தகம் திறந்தபடியே இருந்தது. அந்தப் பக்கம் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் குரல் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் துணி வெளுக்கும் வீடு ஒன்றுதான். பொழுது சாய்ந்ததும் அந்த அம்மா குண்டானோடு வாசலுக்கு வருவார், ஊர்ச்சோறு வாங்க. "சோறு போடுங்க தாயி" என்று என் அம்மாவிடம் மட்டும் இல்லை, ஏழு வயசு என்னிடமும் சொல்வார். அவருடைய மாமனாருக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். அவரை நான் பேர் சொல்லி, வா, போ என்றுதான் கூப்பிடுவேன். யாரும் கண்டித்ததில்லை. கண்டித்திருந்தால்தான் ஊர் வினோதமாகப் பார்த்திருக்கும். அந்த வீட்டுப் பெண் என் வகுப்பு. ஒரு பொங்கலுக்கு அக்காவின் பழைய பாவாடையை அம்மா கொடுத்தாள், மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. மறுவாரம் அவள் அதைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாள். "ஏய், அது எங்க அக்கா பாவாடை" என்று நான்தான் சொன்னேன். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நினைவில்லை. தெரிந்த பொருளைப் பார்த்த சந்தோஷம், அவ்வளவுதான். அன்று பூராவும் அவள் பாவாடையில் ஒட்டுப்போட்ட இடத்தைக் கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கோடை லீவுக்கு அப்புறம் அவள் வரவில்லை. பாவாடைதான் காரணம் என்று சொல்லமாட்டேன், எத்தனையோ இருந்திருக்கும்.

நல்லவளாக ஒரு கெஸியா இருக்கிறாளே என்று ஆறுதல் சொல்வார்கள். மேன்ஸ்ஃபீல்ட் பாங்கர் வீட்டுப் பெண், வெலிங்டன் பக்கம் கரோரியில் படித்தவர். கெஸியா அநேகமாக அவரேதான் என்பார்கள். 1922இல் கதை அச்சில் வந்தது, அடுத்த ஜனவரியில் காசநோயில் செத்துப்போனார், 34 வயசு. தன்னைக் கருணையுள்ள குழந்தையாக வைத்து எழுதிக்கொண்டார் என்று குறை சொல்லலாம்தான். ஆனால் அந்தக் கெஸியாவும் சித்தி ஒரு சத்தம் போட்டதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதை மறைக்காமல் எழுதியதற்கு மதிப்புக் கொடுக்கிறேன்.

தூரத்துக் கதைதான் பிரச்சினை என்றால் பக்கத்திலேயே இதற்கு ஒரு ஜோடி இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இடைசெவல். நம் பிள்ளைகளில் சிலர் தினமும் அந்த ஊரைத் தாண்டித்தான் பஸ்ஸில் வருகிறார்கள். அங்கே பிறந்த கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று கேட்டேன். தயவுசெய்து எண்ணிக்கையைக் கேட்காதீர்கள்.

அங்கேயும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். பணக்கார வீட்டு ராமசாமி பட்டுச் சட்டை போட்டு வருகிறான். உன்னிடம் இருக்கிறதா என்று பந்தயம். இல்லாத பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? பட்டு சீக்கிரம் கிழிந்துபோகும், எங்கள் சட்டை கிழியாது என்று மடக்குகிறார்கள். லில்லிடம் இல்லாத வாய் இவர்களுக்கு இருக்கிறது. தீபாவளிக்கு ராமசாமி வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை வருகிறார், 'ராஜா' வருகிறார் என்று பெருமை. ஏழை வீட்டுக்கோ எங்கிருந்தோ ஒரு அநாதைப் பையன் வந்து சேர்கிறான். எச்சில் இலையில் மிச்சத்தை எடுத்துத் தின்கிறவன், உடம்பெல்லாம் சிரங்கு. அவனுக்குப் பேர் ராஜா. அந்த வீட்டு அம்மா தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டி, புருஷனுக்கென்று எடுத்துவைத்திருந்த துண்டைக் கொடுக்கிறாள். எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று ராமசாமி பீற்றிக்கொள்ளும்போது, எங்கள் வீட்டுக்கும்தான் என்று சின்னப் பெண் மங்கம்மாள் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறாள். எல்ஸ் சொன்ன மாதிரியே ஒரு வாக்கியம். பந்தயத்தில் ஜெயித்துவிட்டோம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. பொம்மை வீட்டில் விரட்டும் சித்தி, இங்கே வெந்நீர் போடும் அம்மா. இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்திப் பார்க்க எனக்கு எத்தனை நாளாக ஆசை!

துன்பக்கேணிக்கு வருகிறேன். பயம் புரிகிறது. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' இரண்டையும் பாடத்திலிருந்து எடுத்ததை எல்லாரும் அறிவோம். 2021இல் டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கிலப் பாடத்தில் மகாசுவேதா தேவி, பாமா, சுகிர்தராணி மூவரின் எழுத்தும் போனது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். டெல்லியில் போனவை அடிபட்டவர்களின் பக்கம் நின்று பேசியவை, அதில் இரண்டு தலித் பெண்களின் எழுத்து. சென்னையில் எதிர்ப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. தன் சமூகத்தின் பேரை வகுப்பில் ஒருவர் சத்தமாக வாசிக்க, நாற்பது தலைகள் தன் பக்கம் திரும்புமோ என்று ஒரு பிள்ளை குறுகி உட்கார்ந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் தலித் பெண் மருதி படும் பாட்டைத் 'துன்பக்கேணி'யில் எழுதியவர் நெல்லைச் சைவ வேளாளர். இரக்கம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, வேளாளர்களைக் கிண்டல் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் பேனா யார் கையில் இருந்தது என்று கேட்க வாசகருக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்க வகுப்பைவிட நல்ல இடம் எது? கதையை எடுத்துவிட்டால் கேள்வியும் சேர்ந்து போய்விடுகிறது, ஆசிரியரும் தப்பித்துவிடுகிறார்.

இரக்கத்துக்குள்ளேயே மேட்டிமை உட்கார்ந்திருக்கும் என்பதற்குப் பாரதியைவிட உதாரணம் வேண்டாம். 'ஆறில் ஒரு பங்கு' கதையைப் பள்ளர், பறையர் முதலிய உழவர்களுக்குச் சமர்ப்பணம் செய்கிறார். அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! அதே வரியில் அவர்களை 'வைசிய சகோதரர்கள்' என்கிறார். மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று மனசாரத் தோன்றியதும், வருணப் படிக்கட்டில் ஒரு படி மேலே ஏற்றிவைக்கத்தான் கை போகிறது. படிக்கட்டு அப்படியே இருக்கிறது. பாரதியைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவருக்கே அப்படி என்றால் எனக்கும் உங்களுக்கும் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான்.

இது இலக்கிய ஆசை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவருடைய தங்கையையும் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். நமக்கு எத்தனை மைல்? அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு இவற்றில் சாதி அடையாளம் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றெல்லாம் பரிந்துரை. அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள்தான் ஜூலையில் நம்மிடம் வருகிறார்கள். முழுக்கைச் சட்டையை மடித்துவிடச் சொல்லிப் பாருங்கள், கயிறு தெரியும். என்ன நிறம் யாருக்கு என்று எனக்கே அத்துப்படி. அந்தப் பிள்ளைகளுக்கு நாம் நேர்முகத் தேர்வில் எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லித்தரப் போகிறோம். அதுவும் வேண்டும்தான், வேலை கிடைக்க வேண்டாமா? ஆனால் பேட்டி எடுப்பவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு என்ன தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்று அந்தப் பாடத்தில் இல்லை.

நான் கேட்பது அதிகம் இல்லை. 'பொம்மை வீடு' இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தமிழ்த் தாளில் அழகிரிசாமியை அதே பருவத்தில் வையுங்கள், இரண்டு துறையும் ஒரு நாள் சேர்ந்து நடத்தலாம். 'துன்பக்கேணி'யை வையுங்கள், அதோடு அதை எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்தையும் ஒரு பக்கம் அச்சடித்து வையுங்கள். செலவு என்பீர்கள். மேன்ஸ்ஃபீல்ட் எழுத்துக்குக் காப்புரிமை முடிந்து பல காலம் ஆகிறது, புதுமைப்பித்தன் 2002லேயே நாட்டுடைமை. வகுப்பில் ஏதாவது பேச்சு கிளம்பினால் பிரின்சிபால் அறைக்கு நான் போகிறேன், எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறேன். ஸ்காலர்ஷிப் லிஸ்டை வகுப்பில் வாசிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அது பாடத்திட்டக் குழுவின் வேலை இல்லை என்று சொல்வீர்கள், தெரியும்.

கேள்வித்தாளில் விளக்கின் குறியீட்டை ஒரு வருஷமாவது விட்டுவிட்டு, கீழே உள்ள இரண்டைச் சேர்க்க வேண்டுகிறேன்.

'கெல்வி பெண்களிடம் பேச டீச்சருக்கு ஒரு தனிக் குரல் இருந்தது. அப்படி ஒரு குரலை நீங்கள் கேட்ட இடத்தை எழுதுக.' இது ஆங்கிலத் தாளுக்கு. பிழை இருந்தால் மார்க் குறைக்கக் கூடாது.

தமிழ்த் தாளுக்கு: ''ராஜா வந்திருக்கிறார்' என்ற தலைப்பில் உள்ள 'ஆர்' விகுதி யாருக்கு உரியது? ஜமீன் மாப்பிள்ளைக்கா, சிரங்கு பிடித்த பையனுக்கா?'

இரண்டுக்கும் விடைக்குறிப்பு என்னால் தர முடியாது. சென்ட்ரல் வேல்யூவேஷனில் அந்தக் கட்டுகளை மட்டும் எனக்கு ஒதுக்குங்கள், ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்து திருத்துகிறேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு மினிட்ஸ் எழுதியவள்,
ஆங்கிலத் துறை